பழைய அம்பாசடருக்கு எங்கே பலம் வேண்டும்?

கேள்வி: அப்பா வாங்கிய 1971 அம்பாசடர் வீட்டில் நிற்கிறது. டிரைவர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது. அடியில் துரு. அமெரிக்காவில் பழைய பெரிய கார்களை ஒன்றோடொன்று மோதவிடும் போட்டிகளை வீடியோவில் பார்த்தேன். அந்தக் கார்களின் சேஸிஸில் பிளேட் வைத்து வெல்டிங் செய்து உரமேற்றுகிறார்கள். அதே மாதிரி இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் ஓட்டிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். துருப்பிடித்த இடத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் சேனல் அதற்கு வழியல்ல.

நீங்கள் பார்த்தது 'டெமாலிஷன் டெர்பி'. 1950களில் அமெரிக்கக் கிராமப்புறச் சந்தைத் திடல்களில் பரவிய விளையாட்டு. அதில் பெரிதும் விரும்பப்படும் பழைய பெரிய கார்களுக்கு லாரியைப் போலத் தனி சேஸிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அம்பாசடருக்குத் தனி சேஸிஸே கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான கார் இது. தளம், தூண்கள், கூரை எல்லாம் தகடுகளாக ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்து ஒரே கூடாக நிற்கின்றன. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் மூடிய பெட்டியை 'சில்' என்பார்கள். அந்தக் கூட்டின் முதுகெலும்பு அதுதான்.

இந்த மெல்லிய தகட்டில் கனமான சேனலைப் பற்றவைத்தால் மூன்று தொல்லைகள் வரும். பற்றவைக்கும்போதே தகடு ஓட்டை விழும். சேனல் முடிகிற இடத்தில் பாரமெல்லாம் குவிந்து, ஓடஓடப் பக்கத்துத் தகடு விரியும். சேனலுக்கும் தகட்டுக்கும் இடையில் தண்ணீர் தங்கிப் புதுத் துரு தொடங்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மோதலின் வேகத்தை யாராவது வாங்கியாக வேண்டும். இரும்பு மடங்காவிட்டால் உள்ளே இருப்பவர் உடம்புதான் வாங்கும். முன்பக்கமும் பின்பக்கமும் மடங்க வேண்டும், நடுக்கூடு மட்டும் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பேலா பாரேனி என்ற பொறியாளர் மெர்சிடஸ் நிறுவனத்துக்காக 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமையாகப் பதிவுசெய்தார். முன்பக்கத்தில் கனத்த பாதுகாப்புக் கம்பி மாட்ட 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை சொன்னதற்கும் இது ஒரு காரணம். டெர்பியில்கூட, சேஸிஸில் எவ்வளவு வெல்டிங் செய்யலாம் என்று பல போட்டிகளில் வரம்பு உண்டு. டிரைவர் கதவில் மோதக் கூடாது என்பது பொதுவான விதி. கண்ணாடிகளைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இடம்மாற்றி, சிறிய களத்தில் குறைந்த வேகத்தில் மோதுகிறார்கள். ஒரே மாலையில் நொறுங்குவதற்கென்றே தயாராகும் கார் அது. உங்கள் காரில் குடும்பம் ஏறப்போகிறது.

கேள்வி: சேனல் வேண்டாமென்றால் எப்படிச் சரிசெய்வது? செலவு வீணாகாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?
— அதே வாசகர்

பதில்: முதலில் கதவின் கீல் ஊசியைப் பாருங்கள். கதவைத் திறந்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் இல்லை, ஆனால் பின்சக்கரத்தருகே ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறுகிறது என்றால் தளர்ந்தது பாடிதான்.

உங்கள் பக்கம் கரிசல் மண். மழைக்காலத்தில் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொள்ளும் களி, வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். அதைச் சுரண்டிக் கழுவிவிட்டு, சிறு சுத்தியலால் சில்லை நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடமும், பட்டி பூசி மறைத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். உள்ளே மிதியடியைத் தூக்கித் தளத்தையும், பின்பக்கம் கமான் பட்டை மாட்டியிருக்கும் இடத்தையும், முன்பக்க டார்ஷன் பார் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். பாரம் இறங்கும் இடங்கள் இவை.

வேலையில் வரிசை முக்கியம். பேட்டரி இணைப்பு, பெட்ரோல் டேங்க் இரண்டையும் முதலில் கழற்ற வேண்டும். சமதரையில் நான்கு ஸ்டாண்டுகளில், சக்கரங்களை ஒட்டிய உறுதியான இடங்களில் காரை நிறுத்த வேண்டும். அடுத்து, நல்ல டிங்கர் கையில் எடுப்பது தூக்குக்குண்டு. அடிப்பாகத்தில் இடமும் வலமும் ஒத்த புள்ளிகளிலிருந்து குண்டை இறக்கி, தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பாடி கோணவில்லை. வேறுபட்டால், வெட்டுவதற்கு முன்பே அதை நேராக்க வேண்டும். அப்படியே பற்றவைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும்.

பிறகு கதவு வாய்க்குக் குறுக்கே தற்காலிகமாக ஒரு கம்பி பற்றவைத்து, ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொட வேண்டும். பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை அரித்ததை வெட்டி, அதே கனத் தகட்டை அதே வடிவில் மடித்து வைக்க வேண்டும். மிக் வெல்டிங் நல்லது. கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும். ஒரே இழுப்பில் ஓட்டாமல் இங்கே ஒரு பொட்டு, எட்டி அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். அவ்வப்போது கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். கடைசியில் சில்லின் உள்ளே துருத் தடுப்பு மெழுகு அடித்து, அடியிலுள்ள வடிகால் துளைகளைத் திறந்தே விட வேண்டும். பல பட்டறைகளில் அந்தத் துளைகளை அண்டர்கோட்டிங் பூசி அடைத்துவிடுகிறார்கள். அரிப்பு மறுபடி அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: எங்களிடம் பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. சேஸிஸில் கமான் பட்டை பிடிக்கும் இடத்தருகே விரிசல். பிளேட் வைக்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஜீப்புக்குத் தனி சேஸிஸ் உண்டு. அதனால் இங்கே பிளேட்டுக்கு இடமிருக்கிறது. விரிசலின் நுனியில் சிறு துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு விரிசலை 'வி' வடிவில் தேய்த்து நிரப்ப வேண்டும். மேலே வைக்கும் பிளேட்டின் முனைகளைச் சரிவாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் வரும். சட்டத்தின் மேல், கீழ் மடிப்புகளில் குறுக்காக வெல்டிங் வேண்டாம். விரிசல் ஏன் வந்தது என்பதையும் தேடுங்கள்: மிகைப்பாரமா, தேய்ந்த புஷ்ஷா, உடைந்த பட்டையா? அதைச் சரிசெய்யாமல் வைக்கும் பிளேட் நிலைக்காது.

கேள்வி: இந்த வேலைகளால் ஆர்.சி.யில் சிக்கல் வருமா?
— வாசகர், மதுரை

பதில்: மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அரித்த தகட்டுக்குப் பதில் அதே தகடு வைப்பது பழுதுபார்ப்பு. சேனல் சேர்ப்பது அமைப்பையே மாற்றுவது.

50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 2021இல் பழம்பெரும் வாகனப் பதிவு வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய்; 10 ஆண்டு செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. திருமங்கலம் வாசகரின் 1971 கார் அந்த வயதைக் கடந்துவிட்டது. ஒரு சேனல் அந்தத் தகுதியைக் கெடுத்துவிடலாம்.

எந்த வேலையிலும் சேஸிஸ் எண் உள்ள பகுதியில் கை வைக்காதீர்கள். வெட்டும் முன்பும் பின்பும் படம் எடுத்து, தகடு வாங்கிய பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் உங்கள் பகுதி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பட்டறையில் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “கம்பெனி கொடுத்த பலம் போதும், போன இடத்தில் அதைத் திரும்ப வையுங்கள்.”