பனிப்பாளத்தில் பதிந்த காரீயம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஆலை இல்லாத இடத்தில் உலோக மாசும் இருக்காது.

தென்காசி வட்டாரத்தில் குற்றால நீரைப் பற்றி நிலவும் எண்ணம் இதுதான். மூலிகைக் காட்டு நீர், மலைமேல் ஆலையும் இல்லை, பிறகு உலோகம் எங்கிருந்து வரும்? ஆனால் சாரல் பருவத்தில் குற்றாலத்தின் ஐந்தருவியை நிறைக்கும் மேகம் அந்த மலையில் பிறந்ததல்ல. அரபிக்கடலில் ஈரம் ஏற்றி, கேரளத்தைக் கடந்து வருகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களையும் மழைத்துளி தன்னோடு இறக்கிவிடும். அதனால் குற்றால நீர் கெட்டுவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆலை இல்லாததை மட்டும் தூய்மைக்குச் சான்றாகக் காட்ட முடியாது, அவ்வளவே.

இதற்கு அண்டார்க்டிகாவைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஜோசப் மெக்கனெல் குழு அங்கிருந்து துளையிட்டு எடுத்த 16 பனி உருளைகளை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. 1889 வாக்கிலேயே காரீயம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அமுண்ட்சென் தென் துருவத்தில் கால் வைத்தது 1911இல்தான். மனிதனுக்கு 22 ஆண்டு முன்பே அவன் புகை முந்திக்கொண்டது. காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் தாதுக்குத் தாது மாறும். அந்த விகிதம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தைச் சுட்டியது.

நம்பிக்கை: உலோக மாசு தொழிற்புரட்சியோடு தொடங்கியது.

வெள்ளியைப் பிரிக்கக் காரீயத் தாதுவை உருக்கிய ரோமானியரின் உலைப்புகை கிரீன்லாந்துப் பனியில் படிந்திருக்கிறது. கி.பி. 165இல் ரோமைத் தாக்கிய கொள்ளைநோயை அடுத்து அந்தப் படிவு சரிவதைக்கூட 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பெருவின் கெல்காயா பனியாற்றில் ஸ்பானியர் கால வெள்ளி உருக்கலின் தடம் உள்ளது.

நம்பிக்கை: பனியை வெட்டி உருக்கி அளந்தால் விடை கிடைத்துவிடும்.

அளப்பவரின் கையே மாசுதான். கிரீன்லாந்தின் கி.மு. 800 காலத்துப் பனியில், ஒரு கிலோவுக்கு இருந்த காரீயம் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. வியர்வையோ வாளியோ துளைக்கருவியோ பட்டாலே கணக்கு பாழ். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன் 1960களில் இந்த வேலையில் இறங்கியபோது, பாதி உழைப்பு மாசைத் தள்ளிவைப்பதிலேயே போயிற்று. உருளையின் வெளிப்புறத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, கை படாத உட்பகுதியை மட்டுமே அளக்க வேண்டும். ஆண்டுப் படலங்களை எண்ணியும், நாள் தெரிந்த எரிமலை வெடிப்புகளின் கந்தகத் தடத்தோடு பொருத்தியும் காலம் குறிக்கப்படுகிறது. பேட்டர்சன் குழு 1969இல் வெளியிட்ட முடிவு: பழைய பனியைவிட அன்றைய பனியில் காரீயம் 200 மடங்குக்கு மேல். 1940க்குப் பிறகு ஏற்றம் செங்குத்தானது. பெட்ரோலில் கலந்த காரீயம் அதில் பெரும்பங்கு.

நம்பிக்கை: காற்றில் கலந்தது இனி குறையாது.

குறைந்தது. காரீயம் கலந்த பெட்ரோலை நாடுகள் கைவிடத் தொடங்கியபின், சுமார் இருபதே ஆண்டுகளில் கிரீன்லாந்தின் புதுப்பனியில் காரீயம் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதாக 1991இல் குளோட் பூத்ரோன் குழு காட்டியது. இந்தியாவில் காரீயமற்ற பெட்ரோல் 1995இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு வந்து, 2000இல் நாடு முழுதும் பரவியது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

நம்பிக்கை: தென்காசிக் குளத்து வண்டலிலும் இதே கணக்கைப் படிக்கலாம்.

கடினம். இந்தக் குளங்கள் கோடையில் வற்றும். வண்டலை விவசாயிகள் வயலுக்கு அள்ளிச் செல்வார்கள். மேல் மண் கீழ் மண்ணோடு கலந்த பிறகு எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று யார் சொல்வது? வற்றாத மலை ஏரி அதைவிட நம்பகமானது. 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றில் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் கண்டனர். சுற்றுவட்டாரப் பாசிகளும் அதைக் காட்டின. பாசி தன் உணவின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பெறுவது. ஆகவே கொடைக்கானலில் இயங்கி 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் காற்றிலும் பரவியது உறுதியாயிற்று.