மோட்டார் வண்டிக்கு மாற்றுப் பாட்டரி தேர்ந்தெடுத்தல்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் புத்தூரை அடுத்து உள்ள ஊர் நாராயணவனம். கலியாண வேங்கடேசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. கோடைக் காலத்தில் இப்பகுதியில் நிழலிலேயே வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. ஓடி நின்ற வண்டியின் எஞ்சின் மூடிக்கு அடியில் வெப்பம் இதனினும் மிகுதி. பெரும்பாலான வண்டிகளில் பாட்டரி எனப்படும் மின்சேமக்கலம் இருக்குமிடம் அதுவே.

இத்தகைய ஊரில் களப்பணியாளர் ஒருவர் காலையில் வண்டியைக் கிளப்ப முற்படுகிறார் என்று கொள்வோம். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒலி மட்டும் எழுகிறது, எஞ்சின் சுழலவில்லை. "பாட்டரி போய்விட்டது" என்கிறார் அருகிலுள்ளவர். பல ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பாட்டரி பொருத்தப்படுகிறது. பத்து நாட்கள் கழித்து அதே ஒலி மீண்டும் கேட்கிறது. பழுது பாட்டரியில் இல்லை. மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ட்டு தளர்ந்திருந்தது. இவ்வாறு பணத்தை இழப்போர் பலர். ஆகவே, பழைய பாட்டரி உண்மையிலேயே ஆயுள் முடிந்ததா என்று முதலில் அறிதல் வேண்டும். முடிந்ததெனில், நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இவ்விரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

பாட்டரியின் உள்ளே நிகழ்வது

ஈயத் தகடுகளைக் கந்தகாமிலத்தில் வைத்து மின்சாரத்தைச் சேமித்து மீண்டும் பெறலாம் என்பதை 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே கண்டார். 1881-இல் காமீல் ஃபோர் என்பவர் தகடுகளின்மேல் ஈயச் சேர்மப் பசையைப் பூசி, கலத்தின் கொள்திறனைப் பெருக்கினார். இன்றும் பெரும்பாலான மோட்டார் வண்டிகளில் எஞ்சினைத் துவக்குவது இவ்வகைக் கலமே.

மின்னேற்றம் பெற்ற நிலையில் நேர்த்தகட்டில் ஈய டைஆக்சைடும், எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற ஈயமும் உள்ளன. மின்சாரம் வெளிப்படும்போது இரண்டும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. எனவே அமிலத்தின் ஒப்படர்த்தி குறைகிறது. மின்னேற்றும்போது இம்மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்து அமிலம் பழைய அடர்த்தியை அடைகிறது. ஆதலால் அமிலத்தின் அடர்த்தியே பாட்டரியின் நிலையைக் காட்டும் நாடி எனலாம்.

ஒப்படர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழக் கிடைக்கும். ஒப்படர்த்தி 1.28 ஆயின் கலத்துக்கு 2.12 வோல்ட்டு; ஆறு கலங்களுக்கு 12.72 வோல்ட்டு. '12 வோல்ட்டு பாட்டரி' என நாம் வழங்குவது உண்மையில் முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டுதல் வேண்டும்.

வெப்பம் செய்யும் கேடு

குளிர் நாடுகளில் பாட்டரிக்குக் குளிரைத் தாங்கும் ஆற்றலே முதற்கண் கருதப்படுகிறது. நமக்கோ பகை வெப்பம். இரசாயன மாற்றங்களை வெப்பம் விரைவுபடுத்துகிறது. தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் விரைந்து அரிக்கப்படுகிறது, நீர் ஆவியாகிறது, சும்மா இருக்கும்போதே மின்சாரம் கசிந்து குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கோடையில் எஞ்சின் எண்ணெய் இளகியிருப்பதாலும், இரசாயன மாற்றம் விரைவதாலும், நலிந்த பாட்டரியும் வண்டியைக் கிளப்பிவிடும். அதனால் கோடையில் விளைந்த கேடு மறைந்திருந்து, மார்கழி விடியலில் வெளிப்படுகிறது. குளிரைக் குறை கூறுகிறோம். உண்மையில் கேடு விளைந்தது சித்திரையில்.

மாற்றுமுன் சோதிக்க வேண்டியவை

முதலில் கண்ணால் காண்க. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருப்பின், ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இணைப்பை இறுக்குக. இச்சிறு செயலாலேயே வண்டி கிளம்பிவிடுவதுண்டு. பெட்டி உப்பியோ வெடித்தோ அமிலம் கசிந்தோ இருந்தால் வேறு சோதனை வேண்டியதில்லை. அதனை மாற்றுதலே முறை.

அடுத்து, மல்ட்டிமீட்டர் கொண்டு மூன்று அளவுகளை எடுக்கலாம்.

முதல் அளவு, ஓய்வு நிலையில். இரவு முழுவதும் வண்டியை நிறுத்தி, காலையில் கிளப்புமுன் அளக்க. 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் முழு ஏற்றம், 12.4 முக்கால் பங்கு, 12.2 அரைப் பங்கு, 12.0 கால் பங்கு. குறைவாக இருப்பின் வெளியில் மின்னேற்றி மறுபடி சோதித்த பின்னரே முடிவு கூறுக. ஏற்றமின்மை வேறு, ஆயுள் முடிவு வேறு.

இரண்டாம் அளவு, துவக்கும்போது. முழு ஏற்றம் பெற்ற பாட்டரியின் அழுத்தம், எஞ்சின் சுழலும் வேளையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது நலிந்தது என்று கொள்ளலாம்.

மூன்றாம் அளவு, எஞ்சின் ஓடும்போது. முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை இருத்தல் இயல்பு. புதுவகை வண்டிகள் சிலவற்றில் இது தேவைக்கேற்பச் சிறிது ஏறி இறங்கும். எப்போதும் 13-க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர் எனும் மின்னாக்கியையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். 15-ஐக் கடந்தால் மிகை ஏற்றம். புதிய பாட்டரி வைத்தாலும் அது விரைவில் வற்றிக் கெடும்.

மூன்றும் சரியாக இருந்தும் சில நாட்கள் நிறுத்திய வண்டி கிளம்பாவிடில், எங்கோ மின்சாரம் களவு போகிறது என்று அறிக. அணையாத உள்விளக்கு, பின்னால் சேர்த்த வானொலி முதலியவை காரணமாகலாம். கால் ஆம்பியர் வீதம் கசிந்தால் நாளொன்றுக்கு 6 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஆறே நாட்களில் வறண்டுவிடும்.

மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டர் சோதனையே சிறந்தது. 27 டிகிரி வெப்பத்தில் 1.26 முதல் 1.28 வரை முழு ஏற்றம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அளவோடு 0.0007 சேர்த்துக்கொள்க. 42 டிகிரியில் 1.240 என்று காட்டினால் உண்மை அளவு 1.250 ஆகும். ஆறு கலங்களுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.05-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அக்கலம் கெட்டது. மூடிய பாட்டரிகளில் பச்சைப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடி ஒரே ஒரு கலத்தின் நிலையையே கூறும். அதனை மட்டும் நம்புதல் கூடாது.

புதியதைத் தேர்ந்தெடுக்கும் முறை

வண்டியின் கையேட்டில் குறித்துள்ள வகையே அடிப்படை. பின்வருவனவற்றை வரிசையாக ஒப்பிடுக.

1. உருவமும் முனைகளும்: பாட்டரி தட்டில் சரியாக அமர வேண்டும், முனைகள் எஞ்சின் மூடியில் இடிக்கக் கூடாது. '38பி20எல்' போன்ற குறியீட்டில் 'பி' அகல உயரப் பிரிவையும், '20' ஏறத்தாழச் சென்டிமீட்டரில் நீளத்தையும், இறுதி எழுத்து முனைகள் அமைந்த பக்கத்தையும் குறிக்கும். 'எல்' இருந்த இடத்தில் 'ஆர்' வாங்கினால் கம்பிகள் எட்டா. கம்பியை இழுத்து மாற்றி இணைத்துவிட்டாலோ வண்டியின் மின்கருவிகள் கருகும்.

2. கொள்திறன்: 35 ஆம்பியர்-மணி என்பது 1.75 ஆம்பியரை 20 மணி நேரம் தரவல்லது என்று பொருள். கையேட்டில் கூறியதற்குக் குறைந்ததை விலை மலிவு கருதி வாங்கலாகாது.

3. குளிர்த் துவக்க ஆற்றல்: இவ்வெண் மைனஸ் 18 டிகிரியில் அளக்கப்படுவது. நாராயணவனம் அத்தகைய குளிரை ஒருநாளும் கண்டதில்லை. வண்டிக்கு வேண்டிய அளவு இருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட எண்ணுக்காக அதிக விலை கொடுப்பதில் நமக்குப் பயன் குறைவு. அப்பணத்தை நீண்ட உத்தரவாதம் உள்ள பாட்டரிக்குச் செலவிடுதல் நன்று.

4. வகை: சாலைக் குறிப்பு விளக்கில் நின்றதும் தானே எஞ்சின் அணைந்து மீண்டும் துவங்கும் வண்டிகளுக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். எனும் தனி வகைகள் உண்டு. அவற்றின் இடத்தில் சாதாரண வகையை வைத்தால் விரைவில் கெடும்.

5. செய்த தேதி: கடையில் கிடக்கும் பாட்டரியும் முதுமை அடைகிறது, வெப்பமான கிடங்கில் இன்னும் விரைவாக. ஆறு மாதத்துக்கு மேற்பட்டதைத் தவிர்க்க. வாங்குமிடத்திலேயே அளந்து, 12.5 வோல்ட்டுக்குக் குறைந்தால் வேறொன்று கேட்க. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985-இல் தோன்றிய அமரராஜா நிறுவனம் பாட்டரி செய்து வருகிறது. எந்த நிறுவனத்தின் சரக்கையும் இங்குப் பரிந்துரைக்கவில்லை. ஆயின் பாட்டரித் தொழில் வேரூன்றிய வட்டாரத்தில் புதுச் சரக்கு வேண்டுமென்று தயங்காமல் கேட்கலாம்.

6. உத்தரவாதம்: 48 மாதம் என்று எழுதியிருப்பினும், முதல் 24 மாதம் மட்டும் இலவச மாற்று, பிந்தைய 24 மாதத்தில் விலையில் ஒரு பங்கு கழிவு என்று பிரிக்கப்பட்டிருக்கலாம். இலவச மாற்றின் காலத்தையே ஒப்பிடுக. சீட்டில் தேதியும் முத்திரையும் பெறுக.

பொருத்தும்போது

கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், பூட்டுகையில் அதனை இறுதியிலும் கையாளுக. வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்துள்ளது. அவ்விணைப்பு இருக்கும்போது நேர்முனையில் வைத்த ஸ்பானர் உடலில் பட்டால் பெரும் பொறி எழும். மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் தன்மையது. ஆகையால் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. பாட்டரியை இறுக்கும் பட்டையை மறவாமல் பூட்டுக; கரடுமுரடான சாலையில் அதிர்ச்சியும் வெப்பத்தைப் போலவே தகடுகளைக் கெடுக்கும். நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரும் கூடாது, அமிலமும் கூடாது.

பழைய பாட்டரி எங்கே போகிறது?

பலர் பொருட்படுத்தாத இக்கேள்வியே மிகப் பெரியது. பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் உடலில் சேர்வதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியவரைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சக்கூடும். அதனால் மூளை வளர்ச்சி குன்றும். கொல்லையில் பாட்டரியை உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தை அடுப்பில் உருக்கினால், புகையும் தூளும் அந்தத் தெருக் குழந்தைகளின் கைகளுக்கும் வாய்க்கும் வந்து சேரும்.

முறைப்படி மீட்டால் அதே ஈயம் மறுபடியும் பாட்டரியாகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரட்டி மீட்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. முறையான இடத்தில் ஒப்படைக்கும் கடமை பயன்படுத்துவோருக்கும் உண்டு. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும். தெருவில் வரும் வியாபாரி சில ரூபாய் கூடுதலாகத் தருவதற்காக அவரிடம் கொடுத்துவிட்டால், அந்த ஈயம் எந்தக் கொல்லையில் உருகும் என்பதை நாம் அறியோம்.

ஆசிரியர்களுக்கு

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். அத்தகைய நிலையங்களில் ஆராயப்படும் விஞ்ஞானத்தின் ஒரு சிறு பகுதியைப் பள்ளி வாயிலில் நிற்கும் வண்டியிலேயே மாணவர்க்குக் காட்டலாம். ஆசிரியரே கருவியைப் பிடித்து, மேற்கூறிய மூன்று அளவுகளையும் எடுத்து, மாணவரை எழுதச் செய்க. மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே வண்டியை அளந்து ஒப்பிட்டால் வெப்பத்தின் விளைவு விளங்கும். அமிலத்தையும் ஈயத்தையும் மாணவர் கையாளலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு பாட்டரியின் எல்லாக் கலங்களிலும் ஒப்படர்த்தி 1.20. அதன் மின்னழுத்தம் என்ன? ஏற்றம் எந்த அளவில் உள்ளது?

2. எஞ்சின் ஓடும்போது 12.3 வோல்ட்டு காட்டுகிறது. புதிய பாட்டரி வாங்கலாமா? காரணம் கூறுக.

3. உங்கள் ஊரில் பழைய பாட்டரிகள் எங்குச் சென்று சேர்கின்றன? விசாரித்து எழுதுக.