நம்பிக்கைகளும் உண்மைகளும்: டூ-ஸ்டெப்பை எடுத்தால் சி.ஆர்.எம். ஒட்டிக்கொள்ளுமா?

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் திருத்தணியில் லாட்ஜ்காரர்களுக்கும் மண்டபக்காரர்களுக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அறை விசாரணை மெயிலில் வரும், வாட்ஸ்அப்பில் வரும், முன்பதிவுத் தளங்கள் வழியாகவும் வரும். சென்னையிலிருந்து கேட்பார்கள், நகரி, புத்தூர், சித்தூரிலிருந்தும் கேட்பார்கள். யார் கேட்டார், என்ன பதில் போனது, முன்பணம் வந்ததா என்பதையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளத்தான் சி.ஆர்.எம். மென்பொருளுக்குப் பணம் கட்டுகிறார்கள். அதை மெயிலோடு இணைக்கப் போகும்போது 'பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை' என்று ஒரு வரி வந்து நிற்கும். பாஸ்வேர்டில் தப்பே இருக்காது. எத்தனை முறை அடித்தாலும் அதே பதில்தான். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் அருள்வாக்கு சொல்வார்: "அந்த டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை எடுத்து விட்டுடுங்க சார், ஒட்டிக்கும்." கணினிக் கடைக்காரர் சொல்கிறார், கணக்கு எழுதுபவர் சொல்கிறார், மென்பொருளை விற்றவரே சில நேரம் போனில் சொல்கிறார். எத்தனை பேர் சொன்னாலும் இது தவறு. தவறு என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. ஜிமெயில் வைத்திருப்பவருக்கு இது வேலையைக் கெடுக்கும் யோசனை.

ஒரு காலத்தில் இது பலித்தது என்பதை மறுக்கவில்லை. வெளி மென்பொருள்கள் மெயில் பெட்டியைத் திறக்கப் பயன்படுத்தும் ஐமேப் முறை 1986-ல் உருவானது. பெயரைச் சொல், பாஸ்வேர்டைச் சொல், உள்ளே வா: அதன் பழைய நடைமுறை அவ்வளவுதான். 'போனுக்கு வந்த எண்ணையும் அடி' என்று நடுவில் கேட்க அதில் இடமே கிடையாது. நள்ளிரவில் தானாக ஓடும் சி.ஆர்.எம். யாருடைய போனைப் பார்த்து ஓ.டி.பி. அடிக்கும்? அதனால் டூ-ஸ்டெப் இருந்தால் பழைய முறையில் இணைப்பு அறுந்தது. அதை எடுத்துவிட்டு, 'பாதுகாப்புக் குறைந்த செயலிகளை அனுமதி' என்ற பொத்தானையும் தட்டினால் ஓடியது. அந்தப் பொத்தானைத் தனிநபர் கணக்குகளிலிருந்து கூகுள் 2022 மே 30 அன்று எடுத்துவிட்டது. நிறுவனங்களுக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்குகளிலும் 2025-ல் அந்தக் கதை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் வணிகக் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டு நுழைவை 2022 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது, அவுட்லுக் டாட் காம் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பரில் மூடியது. பொத்தான் போய்விட்டது, அதற்கான வைத்தியம் மட்டும் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஜிமெயிலில் டூ-ஸ்டெப்பை எடுத்தால் என்ன நடக்கும்? வெறும் பாஸ்வேர்டு, எடுப்பதற்கு முன்பும் செல்லவில்லை, எடுத்த பிறகும் செல்லாது. அதற்கு மாற்றாகக் கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டை உருவாக்கும் வசதியோ, டூ-ஸ்டெப் போட்டிருப்பவருக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆக, பாஸ்வேர்டு கொடுத்து இணைக்க இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டு, கணக்கையும் காவலில்லாமல் விட்டாயிற்று. இதற்குப் பெயர் தீர்வாம்!

திரையில் வந்த வரியைப் படிக்கிற பழக்கம் இருந்தால் இந்த வதந்திக்கு வேலையே இருந்திருக்காது. பிழைச் செய்தி வந்ததும் அதை மூடிவிட்டு யாரையாவது கூப்பிடுகிறோம். அதில் ஓர் எண் இருக்கிறது, அந்த எண்தான் பதில். 534 என்று தொடங்கி 'அப்ளிகேஷன்-ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்டு' என்று வந்தால், டூ-ஸ்டெப் சரியாக இருக்கிறது, ஆப் பாஸ்வேர்டைக் கொடு என்று கூகுளே வழி சொல்கிறது. 535 வந்தால் கொடுத்த பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. ஆப் பாஸ்வேர்டு அடிக்க வேண்டிய இடத்தில் வழக்கமான பாஸ்வேர்டை அடித்திருப்பீர்கள், அல்லது மெயில் கணக்கின் பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருப்பீர்கள். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செத்துவிடும். மெயிலைத் தொட அனுமதி வாங்கியிருந்த செயலிகளின் அனுமதியும் போய்விடும், மறுபடி ஒருமுறை கொடுக்க வேண்டும். 550 என்றால் இணைப்பில் சிக்கலே இல்லை, அனுப்பிய மெயிலை எதிர்ப்பக்கம் வாங்க மறுத்திருக்கிறது. எண் எதுவும் இல்லாமல் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டால் போர்ட்டைப் பாருங்கள்: ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. பழைய குறிப்பைப் பார்த்து 25 என்று போட்டிருந்தால் பல இணைய நிறுவனங்கள் அதைத் தடுத்தே வைத்திருக்கும்.

இதிலெல்லாம் இறங்கவே தேவையில்லாத வழியும் இருக்கிறது. இன்று பெயர் சொல்லும்படியான எந்த சி.ஆர்.எம்.-இலும் 'கூகுளுடன் இணை', 'மைக்ரோசாஃப்ட்டுடன் இணை' என்று பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் கூகுளின் சொந்தப் பக்கமே திறக்கும். அங்கே பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் ஒருமுறை கொடுத்து, இந்த மென்பொருள் என் மெயிலைப் பார்க்கலாம் என்று அனுமதித்தால் போதும். சி.ஆர்.எம். கைக்கு உங்கள் பாஸ்வேர்டு போவதே இல்லை. லாட்ஜ் நடத்துகிறவருக்கு விளக்க வேண்டியதில்லை: விருந்தினருக்கு அறைச் சாவியைத்தான் கொடுப்போம், சாவிக்கொத்தை அல்ல. வேண்டாம் என்றால் அந்த ஓர் அனுமதியை மட்டும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ரத்து செய்துகொள்ளலாம்.

"எங்க கடையில எடுத்தோம், ஓடுதே" என்பார்கள். ஓடலாம். இன்றும் வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும் மெயில் சேவைகள் உண்டு, இணையதளத்தோடு இனாமாகக் கிடைக்கும் மெயில் பெட்டிகள் பலவும் அந்த ரகம். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ சேலை மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவரின் மெயில் பெட்டி கைமாறினால், திருடன் முதலில் செய்வது சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து, வரும் மெயிலுக்கெல்லாம் ஒரு நகல் தனக்கும் போகும்படி ஏற்பாடு செய்துகொள்வது. பெரிய பில் ஒன்று போகும் நாளில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று அதே முகவரியிலிருந்து அதே தோரணையில் ஒரு மெயில் போகும். உலகம் முழுக்க வணிக மெயில் மோசடி என்று போலீஸ் குறித்து வைத்திருப்பது இந்த மாதிரியைத்தான். பணம் போனபின் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைத்தால் சில நேரம் தடுக்க முடிகிறது, எப்போதும் அல்ல. லாட்ஜ் என்றால் அடையாள அட்டை நகல்களும் அந்தப் பெட்டியிலேதான் கிடக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சின்னக் கடைக்கு அந்த உச்சவரம்பைப் போட மாட்டார்கள்தான். அதற்காகக் கடமை இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் நியாயமானது. ஓ.டி.பி. முதலாளி போனுக்குப் போகிறது, அவரோ படித் திருவிழா அன்று மலையில் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறார், வரவேற்பில் இருக்கும் பையன் என்ன செய்வான்? முதலில், இணைக்கும்போது ஒருமுறைதான் கேட்கும், தினமும் கேட்காது. புதுக் கணினியில் நுழையும்போது கேட்டால், போனில் அதென்டிகேட்டர் செயலி வைத்துக்கொள்ளலாம், சிக்னலே தேவையில்லை. கூகுள் ஒரே தடவையில் 10 பேக்-அப் எண்கள் தருகிறது. அச்சடித்துக் கல்லாவில் பூட்டி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வரவேற்புப் பையனுக்கு முதலாளியின் மெயில் பாஸ்வேர்டு எதற்கு? அவனுக்கென்று சி.ஆர்.எம்.-இல் தனி லாகின் இருந்தால் விசாரணையைப் படித்து அங்கிருந்தே பதில் போடுவான். ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்திருப்பதால் வேறு தொல்லையும் உண்டு: ஒரு ஜிமெயில் கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள்தான். ஒரு போனோ கணினியோ ஒன்றுக்கு மேல் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஐந்து பேரும் போனிலும் கணினியிலும் திறந்து வைத்தால் கடைசியில் வரும் சி.ஆர்.எம். வாசலில் நிற்கும். அப்போதும் பழி டூ-ஸ்டெப் மேலேதான் விழும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. 'துண்டித்துவிட்டு மறுபடி இணைத்தால் எல்லாம் சரியாகும்': காலாவதியான அனுமதியைப் புதுப்பிக்க அது உதவும், மற்றபடி பழைய மெயில்களை மறுபடி முதலிலிருந்து இழுக்க வைத்து நாள் வரம்பில் மாட்டிவிடும், ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 2,500 எம்.பி.தான் இறக்க விடும். 'இணைத்தாயிற்று, ஆனால் வாடிக்கையாளர் பக்கத்தில் மெயில் வரவில்லை, மென்பொருள் சரியில்லை': பெரும்பாலும் அந்த வாடிக்கையாளரின் மெயில் கட்டத்தைத் திறந்து பார்த்தால் போதும். சி.ஆர்.எம். முகவரியை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. 'ஜிமெயில் டாட் கான்' என்று அடித்து வைத்திருந்தாலோ, ஒரே கட்டத்தில் இரண்டு முகவரியைச் சாய்கோடு போட்டு எழுதியிருந்தாலோ அது என்ன செய்யும்? புக்கிங் டாட் காம் வழியாக வரும் விருந்தினரின் மெயில், 'கெஸ்ட் டாட் புக்கிங் டாட் காம்' என்று முடியும் மாற்று முகவரியிலிருந்து வருவதால், போன வருடம் வந்தவரே மறுபடி வந்தாலும் மென்பொருளுக்கு அவர் புது ஆள். அவருடைய சொந்த முகவரியை அறை கொடுக்கும்போது கேட்டு வாங்குவதுதான் வழி. 'தெலுங்கிலும் தமிழிலும் பெயர் இருந்தால் சிங்க் ஆகாது' என்பது சுத்தப் பொய். எக்செல்லில் சி.எஸ்.வி. கோப்பை யூ.டி.எஃப்-8 ஆகச் சேமிக்காமல் ஏற்றியதால் பெயர்கள் கேள்விக்குறியாய் மாறியிருக்கும். மெயில் இணைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவுட்லுக்கில் சி.ஆர்.எம். பட்டன் திடீரென்று காணாமல் போனால், யாரோ மேல் மூலையில் 'நியூ அவுட்லுக்' சுவிட்சைத் தள்ளியிருக்கிறார்கள். பழைய வகை ஆட்-இன்கள் அதில் ஓடாது.

ஜோஹோ பற்றியும் ஒரு வார்த்தை. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ ஆன நிறுவனம் 2005-லேயே சி.ஆர்.எம். கொண்டுவந்தது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்தும் வேலை செய்கிறது. நம்மவர்கள் என்று மகிழலாம். 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறியதாக அறிவித்த பிறகு, 'மெயிலும் சி.ஆர்.எம்.மும் ஒரே கம்பெனியில் வாங்கினால் சிக்கலே வராது' என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. இணைப்பு சுலபமாகும், அதுவரை உண்மை. தப்பான முகவரியை அது திருத்தித் தராது. ஒருவர் மெயிலை மற்றவர் பார்க்கலாமா என்ற பகிர்வு அனுமதியும் நீங்கள் சொன்னபடிதான் இருக்கும். 'எனக்குத் தெரியுது, மேனேஜருக்குத் தெரியலை' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அனுப்பிய மெயில் ஸ்பாமில் விழுகிறது என்ற புகாருக்கு வந்தால் என் நெடுநாள் ஆதங்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புகிறவர் யார் என்பதற்கு எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். சான்று கேட்கின்றன, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். இவை டொமைனின், அதாவது உங்கள் சொந்த இணையப் பெயரின், டி.என்.எஸ். பதிவில் எழுதும் சில வரிகள். மெயிலுக்கு ஒரு எஸ்.பி.எஃப். வரி, சி.ஆர்.எம்.-க்கு இன்னொன்று என்று இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது, ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் அந்த டி.என்.எஸ். பக்கத்துக்குள் நுழைய முதலாளியால் முடிவதில்லை, ஏனென்றால் டொமைன் அவர் பெயரில் இல்லை. இணையதளம் செய்து கொடுத்த பையன் தன் மெயிலில், தன் பெயரில் வாங்கி வைத்திருப்பான். அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருப்பான், போன் எடுக்க மாட்டான். மனையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று தன் பெயரில் எழுதிக்கொள்கிறவர்கள், வருடம் ஒரு சிறு தொகை கட்டினால் கிடைக்கும் டொமைனை மட்டும் ஏன் அடுத்தவன் பெயரில் விடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. மெயில் முகவரியே அதன் மேல்தான் நிற்கிறது.

டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயர், யார் மெயில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், டொமைனை மாற்றுவதற்கான 'டிரான்ஸ்ஃபர் கோட்' வாங்கி உங்கள் கணக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், சீசன் தொடங்குவதற்கு முன்பே. புதுப்பிப்பு நினைவூட்டல் வரும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். அந்தக் கணக்குக்கும் டூ-ஸ்டெப் போடுங்கள். யார் எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீர்கள்.