வீடியோ தடுமாறினால் குற்றம் காமிராவினுடையதா?

நம் வர்த்தக அன்பர்களில் பலர் இன்று சரக்கு மாதிரிகளை வீடியோ அழைப்பிலேயே காட்டிப் பேரம் பேசுகின்றனர். அவ்வேளையில் படம் உறைந்தும் சிதறியும் போனால், துணியின் நிறத்தை வாங்குபவர் எங்ஙனம் நம்புவார்? அதற்காக உடனே புதிய வெப்கேம் வாங்கப் புறப்பட வேண்டாம் என்பதே நாம் கூற விழைவது.

முதலில் காமிராவை டாக்கிங் ஸ்டேஷனிலிருந்து கழற்றி, லேப்டாப்பிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். இணையத்தின் மீது ஐயம் எழாதிருக்க, அழைப்பு ஏதுமின்றிக் காமிரா செயலியில் பார்ப்பது நலம். படம் சீரானால் காமிரா குற்றமற்றது, கோளாறு இடைவழியில்.

டாக்கில் துளைகள் பலவாயினும், அவை யாவும் ஒரே கேபிள் வழியே லேப்டாப்பை அடைகின்றன. யு.எஸ்.பி. 2.0 வழியின் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். 1080 வரிப் படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 30 வீதம் அனுப்புவதற்கோ ஏறத்தாழ 1,000 மெகாபிட் வேண்டும்! ஆதலால் காமிரா படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. அப்போதும் அதன் பங்கு பெரிது. ஹெட்செட், ஹார்ட் டிஸ்க், இணையக் கம்பி எல்லாம் அதே வழியில் நெருக்கினால் படம் தடுமாறும். பல யு.எஸ்.பி.-சி டாக்குகளில் 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அதிவேக இழைகளைத் திரையே எடுத்துக்கொள்ள, மற்றவை அனைத்திற்கும் அந்த 480 மட்டுமே மிஞ்சும். திரையை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்க்கலாம். மவுஸ் அம்பு சற்று இழுபடும், பேரத்திற்குப் பாதகமில்லை.

டாக்கிற்குரிய மின் அடாப்டர் செருகப்பட்டுள்ளதா என்பதையும் நோக்குக. அதுவும் சரியெனில், அழைப்பின்போது காமிரா மட்டும் லேப்டாப்பில் இருக்கட்டும். மற்றவை டாக்கிலேயே கிடக்கலாம்.