துருப்பிடித்த பின் டிரம்முக்குப் பெயிண்ட்

ஜிம்னி, ஜிப்சி, தார் எதுவானாலும் பின்னால் டிரம் பிரேக்தான். டிரம் வெறும் வார்ப்பிரும்பு. ஆற்றில் இறங்கி, கடற்கரை மணலில் ஓடிய வண்டி என்றால் ஒரே மழைக்காலத்தில் செக்கச் செவேலென்று ஆகிவிடும். மேலே தெரியும் துரு பார்க்கத்தான் அசிங்கம். ஹப் நுழையும் நடு வட்டத்தில் ஏறும் துருதான் ஆபத்து. அடுத்த முறை லைனர் மாற்றும்போது டிரம் கழலவே கழலாது.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுத்தான் வேலை செய்யப் போகிறோம் என்பதால் இதில் சமரசமே கிடையாது. வண்டி நிற்பது ஜாக்கி மேல் அல்ல, ஸ்டாண்டு மேல். சக்கரத்தைக் கழற்றுங்கள்.

இனி டிரம்மைக் கழற்றுவது. எல்லோரும் திணறுவது இங்கேதான். பெரிய சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். டிரம்மின் முகத்தை உற்றுப் பாருங்கள்: மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். துருவும் சேறும் அடைத்திருந்தால் ஆணியால் குடைந்தெடுங்கள். ஜிம்னியிலும் ஜிப்சியிலும் அவை 8 மி.மீ. போல்ட்டுக்கானவை. நடு வட்டத்தைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். ஒரு ‘டக்’ சத்தம் கேட்கும், டிரம் விடுபடும். நடுவில் விட்டும் வெளியே வர மறுத்தால், உள்விளிம்பில் தேய்மானத்தால் எழும்பிய வரம்பில் ஷூ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், இழுத்துப் போராடாதீர்கள்.

உள்ளே இருக்கும் கருந்தூளை ஏர் வைத்து ஊதவே கூடாது. பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் பெயிண்ட் காசை மிச்சம் பிடித்துப் புது டிரம் வாங்குங்கள்.

டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் துருவைச் சுரண்டி, எமரி தாள் போட்டு, தின்னரால் துடையுங்கள். கடைக்காரர் சைலன்சர் பெயிண்டை நீட்டினால் வாங்காதீர்கள். அது நன்றாகச் சூடேறினால்தான் இறுகும். டிரம்மின் வெளிப்பக்கம் அந்தச் சூட்டை எட்டாது. காலிப்பருக்கென்று விற்கும் பெயிண்டே சரி. நிறம் கறுப்பு. சிவப்பெல்லாம் ஒரு சேற்றுப் பயணத்துக்குத்தான் தாங்கும்.

டேப் ஒட்டவேண்டிய இடங்கள்: லைனர் உரசும் உள்வட்டம், ஹப்பில் உட்காரும் பின்முகம், சக்கரம் வந்து அமரும் முன்முகம். முன்முகத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே பெயிண்ட் கனமாக இருந்தால் ஓட்டத்தில் நசுங்கும், வீல் நட்டு தளரும். மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. முழுதாகக் காய ஒரு நாள் விடுங்கள்.

மாட்டும்போது ஹப்பின் நடு வட்டத்தில் மட்டும் காப்பர் கிரீஸை விரலால் லேசாகத் தடவுங்கள். ஸ்டட்டிலும் லைனரிலும் படவே கூடாது. அட்ஜஸ்டரைச் சரிசெய்து, பெடலைச் சில முறை மிதித்து, ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று சரிவில் நிறுத்திப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சோதியுங்கள்.