பட்டிகளின் இலக்கணம்: கணினியில் படத்திருத்தம்

முன்னுரை

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஒரு சுவடியோடு அமையாது பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். பழம்படங்களைக் கணினியில் செப்பம் செய்யும் மாணவரும் ஒருவகையில் பதிப்பாசிரியரே. படத்திருத்த மென்பொருளின் பட்டிகளுள் வழிகாண்பது எங்ஙனம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கிம்ப் என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொள்கிறோம். பெர்க்லியில் பயின்ற மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய இது விலையின்றிக் கிடைப்பது. இதன் பட்டிகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

பெயரும் வினையும்

பட்டிகளை மனப்பாடம் செய்ய முயல்வோர் இடர்ப்படுவர். இலக்கணம் பயின்றோர்க்கு இஃது எளிது. கோப்பு, தேர்வு, படம், அடுக்கு, வண்ணங்கள் எனப் பட்டியின் பெயர் பெரும்பாலும் செயப்படுபொருளாக அமையும். அதனுள் இருக்கும் கட்டளையே வினை. 'படம்' என்னும் பட்டியில் சுழற்றினால் முழுப்படமும் சுழலும். 'அடுக்கு' என்னும் பட்டியில் சுழற்றினால், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களுள் ஒன்று மட்டும் திரும்புவதுபோல, அவ்வடுக்கு மட்டுமே சுழலும். வினை ஒன்றே, செயப்படுபொருள் வேறு.

மாணவர் பெரிதும் மயங்குவது 'காட்சி'ப் பட்டியில். நம்மூர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் படத்தை அப்பட்டியின் வழியே பெரிதாக்கினால் அது கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுமேயன்றிப் படத்தின் அளவு மாறாது. அளவை மாற்ற விழைவோர் 'படம்' பட்டிக்கே செல்லுதல் வேண்டும்.

செய்முறை

மங்கிய பழம்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோப்புப் பட்டியில் அதனைத் திறந்து, அடுக்குப் பட்டியில் அதன் நகலடுக்கு ஒன்றை உண்டாக்குக. இனிச் செய்வன யாவும் நகலின்மீதே நிகழட்டும். வண்ணங்கள் பட்டியின் 'நிலைகள்' என்னும் கட்டளையைத் திறந்தால், மலை போன்றதொரு வரைபடம் தோன்றும். அதன் கீழுள்ள கருமுக்கோணத்தையும் வெண்முக்கோணத்தையும் மலையின் இரு அடிவாரங்களுக்கு நகர்த்த, மங்கல் நீங்கிக் கருமையும் வெண்மையும் தெளியும். புள்ளிகளையும் கீறல்களையும் கருவிகள் பட்டியிலுள்ள சீராக்கும் கருவியால் போக்கலாம். கட்டளை இருக்குமிடம் மறந்துபோயின், சாய்கோட்டு விசையை அழுத்திப் பெயரைத் தட்டச்சிட, மென்பொருளே தேடித்தரும்.

'சேமி' என்பது அடுக்குகளோடு கிம்ப்பின் சொந்தக் கோப்பாகக் காக்கும். அச்சுக்குரிய படத்தை 'ஏற்றுமதி' வழியே பெறலாம். 'மேலெழுது' என மற்றொன்றும் அப்பட்டியில் உண்டு. அது திறந்த மூலக்கோப்பின் மீதே புதியதைப் பதித்துவிடும்.

எம் பிழை

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2017இல் ஒரு மலருக்காகப் பெரியவர் ஒருவர் பழைய குழுப்படம் ஒன்றைத் தந்தார். இடப்பக்க ஓரம் கறை படிந்திருந்தது. வருடியெடுத்த படத்தில் அவ்வோரத்தை அழகு கருதி வெட்டினோம், மேலெழுதினோம், தாள்படத்தைத் திருப்பித் தந்தோம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபோது அவர் வீட்டு ஓடுகள் பறந்தன. படம் நனைந்து கூழாயிற்று. கணினியில் இருக்குமே என்று நம்பி அவர் நம்மிடம் வந்தார். வெட்டிய படத்தை நெடுநேரம் நோக்கியபின், "ஓரத்தில் நின்றவன் என் தம்பி, அவனுக்கு வேறு படமில்லை" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

முடிவுரை

சுவடியில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியர் உண்டு. தம் சொல்லைப் பெய்து அதனை மூலமென்று காட்டுதல் பதிப்பு நெறியன்று. படத்திற்கும் இந்நெறியே பொருந்தும். கறையை நீக்கலாம்; இல்லாத முகத்தை வரைந்து சேர்த்தல் ஆகாது. வருடிய மூலத்தைத் தனியே ஓரிடத்தில் காத்து, நகலில் மட்டுமே கைவைத்தல் வேண்டும். பட்டிகளின் வழி அறிதல் ஒரு திறன். எக்கட்டளையைத் தொடலாகாது என அறிதலே பதிப்பாசிரியரின் பண்பு. மாணவச் செல்வங்கள் இவ்விரண்டையும் ஒருங்கே பயில்வாராக.