எதை முதலில் தடுப்பது?

மழைக்காலத்தில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது; மின்கம்பி நைந்துவிட்டது; வாசற்கதவும் உளுத்துப் போயிற்று. கையில் இருப்பதோ ஒன்றைச் சரிசெய்யும் பணம். எதை முதலில் கவனிப்பது? அரசாங்கங்களுக்கும் இதே சங்கடம் உண்டு. காற்று, நீர், நிலம் யாவும் மாசடைந்திருக்க, பணமும் ஆட்களும் அளவோடுதான் உள்ளன. ஆகவே, ஒவ்வொரு மாசினாலும் எவ்வளவு கேடு விளையும் என்று மதிப்பிட்டு, அவற்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். இதை 'இடர் ஒப்பீடு' எனலாம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1987-இல் இதைச் செய்து பார்த்தது. அங்கு பணிபுரிந்த ஏறத்தாழ 75 பேர், 31 பிரச்சினைகளை ஆராய்ந்தனர். புற்றுநோய், பிற நோய்கள், இயற்கைக்கு வரும் அழிவு, உடைமை முதலியவற்றுக்கு வரும் நட்டம் என நான்கு தனித்தனி வரிசைகள் தயாராயின. நான்கையும் சேர்த்து ஒன்றாக்கவில்லை. ஓர் ஏரி பாழாவதையும் ஒருவர் நோயில் விழுவதையும் எந்தத் தராசில் நிறுப்பது?

மக்கள் மிகவும் அஞ்சியது மண்ணில் புதைத்த இரசாயனக் கழிவுகளுக்கு. அரசும் அதற்கே மிகுந்த முயற்சி எடுத்து வந்தது. வரிசையிலோ அது நடுவிலும் கீழுமாக நின்றது. மேலே நின்றவற்றுள் ஒன்று, பலர் கேள்விப்பட்டே இராத ரேடான் வாயு! மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் இதற்கு நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்புகள் வழியே வீட்டுக்குள் புகுந்து தங்கி, நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கிறது. அந்நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 21,000 பேர் இதனால் இறக்கின்றனர். குற்றஞ்சாட்ட ஒரு தொழிற்சாலை இல்லாததால் இதைப்பற்றி யாரும் கூச்சல் போடவில்லை போலும்!

அப்படியானால் மக்களின் அச்சம் வீணானதா? இல்லை என்றே நாங்கள் கருதுகிறோம். நயாகரா ஃபால்ஸ் நகரில் 'லவ் கால்வாய்' என்ற இடத்தில் இரசாயனக் கழிவுகளைப் புதைத்தார்கள். பின்னர் அந்த நிலத்தில் பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் எழும்பின. பிள்ளைகள் நோயுறக் கண்டு, லோயிஸ் கிப்ஸ் என்ற தாய் அண்டை வீட்டாரைத் திரட்டிப் போராடினார். 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் அத்தெருக்காரர்கள் ஒரு சிறு எண். அந்தத் தாய்க்கோ தன் பிள்ளைதான் முழுக் கணக்கும். மேலும், கழிவுகள் வரிசையில் தாழ்ந்ததற்கு, அவற்றைக் கட்டுப்படுத்த ஏற்கெனவே எடுத்த நடவடிக்கைகளும் ஒரு காரணம். 1987-ஆம் ஆண்டு மதிப்பீடு, கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் மிஞ்சி நின்ற இடரைத்தான் அளந்தது. மருந்து குடித்துக் காய்ச்சல் தணிந்தவுடன் மருந்தே தேவையில்லை என்பார் உண்டோ?

பின்னர் வெர்மான்ட் மாநிலம் தனக்கென ஓர் இடர் ஒப்பீடு செய்து 1991-இல் வெளியிட்டது. அதில் உடல்நலம், இயற்கை ஆகியவற்றோடு மக்களின் மனநிம்மதி, நியாயம், வருங்காலத் தலைமுறையின் நலன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தனர்.